இரவல் துப்பாக்கி

ஆரணி என்றதும் பட்டு நினைவுக்கு வரும். ஜரிகைக் கரையும் பளபளப்பும் கண்முன் நிற்கும். ஆனால் ஆரணியின் பெயர் வேறொரு காரணத்தாலும் வரலாற்று ஏட்டிலே ஏறியிருக்கிறது. 1751ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில், இந்த ஊரை அடுத்த வயல்வெளியில் ஒரு போர் நடந்தது. ஆரணிப் போர் என்றே அதற்குப் பெயர்.

மோதியவர் யார்? ஒரு பக்கம் இராபர்ட் கிளைவ். அவனுக்குப் பின்னே ஆங்கிலக் கம்பெனியின் வெள்ளைப் பட்டாளம். அதற்குத் துணையாக நம் மண்ணில் பிறந்த சிப்பாய்கள். பக்கபலமாக மராட்டியக் குதிரைப் படை. மறு பக்கம் சந்தா சாகிபின் மகன் ரஸா சாகிப். அவனுக்குத் துணையாகப் பிரெஞ்சுப் பட்டாளம். அங்கேயும் நம் மண்ணில் பிறந்த சிப்பாய்கள். இலண்டனில் பேரேடு வைத்திருந்தவனும் பாரிசில் பேரேடு வைத்திருந்தவனும் தங்கள் கணக்கைத் தீர்த்துக்கொள்ள ஆரணிக்கு வந்தார்கள்! ஆரணி உழவனுக்கும் நெசவாளிக்கும் அதில் என்ன பகை? என்ன பங்கு? மிதிபட்ட நிலம் அவனுடையது. அதுதான் அவன் பங்கு.

பள்ளியிலே வரலாறு நடத்துகிறவன் நான். ஆரணிப் போரில் வென்றவர் யார் என்று கேட்டால், கிளைவ் என்று மாணவன் எழுதுகிறான். மதிப்பெண் கொடுக்கிறோம். தோற்றவர் யார் என்று கேட்டால், ரஸா சாகிப் என்று எழுதுகிறான். அதற்கும் மதிப்பெண் கொடுக்கிறோம். தோழர்களே, இரண்டாவது விடை தவறு! அன்று தோற்றது ஆர்க்காட்டுச் சீமை. ரஸா சாகிப் வென்றிருந்தாலும் தோற்றிருக்கப் போவது அதே சீமைதான். எவன் வென்றாலும் தோற்பது ஒரே இடம் என்றால், அந்தப் போரை வெற்றி தோல்வி என்று பிரித்துப் படிப்பதே பேதைமை அன்றோ?

இருநூற்றெழுபது ஆண்டுக்கு முந்தைய கதை இன்று எதற்கு என்பீர்கள். மாலையில் தேநீர்க் கடைப் பக்கம் போய் நின்று பாருங்கள். கைப்பேசியை நடுவில் வைத்துக்கொண்டு நம் இளைஞர்கள் உலகத்துப் போர்களையெல்லாம் அலசுகிறார்கள். ஏமன் என்கிறார்கள், சிரியா என்கிறார்கள், சூடான் என்கிறார்கள். இவன் பின்னால் ஈரான் இருக்கிறது, அவன் பின்னால் சவூதி இருக்கிறது, இனிமேல் பார் வேடிக்கையை என்கிறார்கள். பந்தாட்டத்துக்குக் கட்சி பிரிவதுபோல் கட்சி பிரிகிறார்கள். பகுத்தறிவு பேசுகிற படிப்பகத்துத் தோழர்களே இந்தக் கைதட்டலில் கலந்துகொள்வதைக் காணும்போது நெஞ்சு பதைக்கிறது. மூடநம்பிக்கை என்பது கோயில் வாசலில் மட்டும்தான் குடியிருக்கிறதா? ஆயுதம் கொடுப்பவனை ஆபத்பாந்தவன் என்று நம்புவதும் மூடநம்பிக்கைதான். அதிலும் கொடிய மூடநம்பிக்கை!

நான் சொல்ல வருவது இதுதான். அண்ணன் தம்பி சண்டையில் வெளியிலிருந்து துப்பாக்கி இரவல் தருகிறவன், அண்ணனுக்கும் நண்பன் அல்லன். தம்பிக்கும் நண்பன் அல்லன். அவன் சண்டைக்கு நண்பன். ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்றார்கள் நம் பெரியவர்கள். கூத்தாடியாவது ஆடிவிட்டு அடுத்த ஊருக்குப் போய்விடுவான். இவன் போவதில்லை, ஊரையே எழுதி வாங்கிக்கொண்டுதான் ஓய்கிறான்.

ஆர்க்காட்டுச் சீமையை எப்படி எழுதி வாங்கினார்கள் என்று பாருங்கள். 1748இல் ஐரோப்பாவில் ஓர் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. ஏ-லா-சபேல் உடன்படிக்கை என்பர். இனி நமக்குள் போரில்லை என்று ஆங்கில மன்னனும் பிரெஞ்சு மன்னனும் ஒப்புக்கொண்டார்கள். 1746இல் பிரெஞ்சுக்காரர் பிடித்த சென்னைக் கோட்டையையும் 1749இல் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். இரு நாடுகளும் மறுபடி முறைப்படி போர் அறிவித்தது 1756இல். இடையிலே எட்டாண்டுக் காலம் சட்டப்படி சமாதானம்! அந்தச் சமாதானக் காலத்தின் நட்டநடுவில்தான், 1751இல், ஆரணி வயலில் ஆங்கிலப் பீரங்கியும் பிரெஞ்சுப் பீரங்கியும் ஒன்றையொன்று பார்த்து முழங்கின. எப்படி முடிந்தது?

மிக எளிதாக முடிந்தது. எங்களுக்குள் போரே இல்லை, நாங்கள் நவாபுக்கு உதவ வந்தவர்கள் என்றார்கள் இரு சாராரும்! ஆர்க்காட்டு நவாப் பதவிக்கு இரண்டு பேர் போட்டியிட்டனர். 1749 ஆகஸ்டில் ஆம்பூர்ப் போரில் நவாப் அன்வருத்தீன் கொல்லப்பட்டான். கொன்ற படையில் சந்தா சாகிபும் இருந்தான். புதுச்சேரி ஆளுநர் டியூப்ளே அனுப்பிய பிரெஞ்சுப் பட்டாளமும் இருந்தது. அன்வருத்தீன் மகன் முகமது அலி திருச்சிராப்பள்ளிக்கு ஓடினான். பிரெஞ்சுக்காரன் சந்தா சாகிபைத் தத்தெடுத்துக்கொண்டான் என்றதும் ஆங்கிலேயன் முகமது அலியைத் தத்தெடுத்துக்கொண்டான். சந்தா சாகிப் நல்லவனா, முகமது அலி நல்லவனா என்று எவனும் ஆராயவில்லை. எதிரி இவனை எடுத்தான், ஆகவே நான் அவனை எடுக்கிறேன். இதுதான் அன்றைய அரசியல் தத்துவம். இன்றைய தத்துவமும் இதுவே.

திருச்சி முற்றுகையைத் தளர்த்த, 200 வெள்ளையரும் 300 சிப்பாய்களும் கொண்ட சிறு படையோடு வந்து ஆர்க்காட்டுக் கோட்டையைப் பிடித்தான் கிளைவ். ஏறத்தாழ ஐம்பது நாள் அவனை உள்ளேயே வைத்து முற்றுகையிட்டான் ரஸா சாகிப். அந்த முற்றுகையைப் பற்றி ஆங்கிலேயர் ஒரு கதை எழுதி வைத்திருக்கிறார்கள். அரிசி குறைந்தபோது, சோற்றை வெள்ளையருக்குக் கொடுங்கள், வடித்த கஞ்சி எங்களுக்குப் போதும் என்று நம் சிப்பாய்கள் சொன்னார்களாம். அந்த விசுவாசத்தை மெச்சி மெச்சி எழுதினார்கள். நடந்ததோ நடக்கவில்லையோ, மெச்சியது எதை என்று கவனியுங்கள். சோறு அவனுக்கு, கஞ்சி உனக்கு. வெற்றி அவன் பெயரில், சாவு உன் பெயரில்கூட இல்லை. அந்தச் சிப்பாய்களில் ஒருவன் பெயராவது நம் பாடநூலில் உண்டா?

மதப் போரென்று சொல்லி மழுப்பவும் இங்கே வழியில்லை. சந்தா சாகிபும் முகமது அலியும் முகம்மதியர். கிளைவும் டியூப்ளேயும் கிறித்தவர். முகமது அலிக்குக் கைகொடுத்த மராட்டியரும், மைசூர்க்காரரும், தஞ்சை மன்னனும் இந்துக்கள். எந்த மதம் எந்த மதத்தோடு மோதியது? மதம் காரணமாக இல்லை. ஆனால் எரிபொருளாக இருந்தது! ஆர்க்காட்டுக் கோட்டையின் மீது இறுதித் தாக்குதலுக்கு முகரம் நாளைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்நாளின் உணர்ச்சிப் பெருக்கிலே போர்வீரர் சாவுக்கு அஞ்சமாட்டார்கள் என்று கணக்குப் போட்டார்கள். வீரர்கள் அஞ்சவில்லை, செத்தார்கள். கோட்டை விழவில்லை. காஞ்சிபுரத்துப் பெருங்கோயிலில் பட்டாளம் தங்கியது. திருவரங்கத்துக் கோயில் மதிலுக்குள் சந்தா சாகிபின் படையும் பிரெஞ்சுப் படையும் தங்கின. பள்ளிகொண்ட அரங்கன் அப்போதும் எழுந்திருக்கவில்லை.

முற்றுகை முறிந்தபின் பின்வாங்கிய ரஸா சாகிபைத் துரத்திவந்து கிளைவ் முறியடித்த இடம்தான் ஆரணி. பிரெஞ்சுக்காரரிடம் பயிற்சி பெற்ற சிப்பாய்கள் பல நூறு பேர், தோல்விக்குப் பின் ஆங்கிலேயனிடமே வேலைக்குச் சேர்ந்துவிட்டார்கள். அவர்களை நான் பழிக்கமாட்டேன். வயிற்றுக்காகத் துப்பாக்கி பிடித்தவன் கூலி கிடைக்கும் பக்கம் போகிறான். ஆனால் அது ஓர் உண்மையைக் காட்டிவிட்டது. அவன் நேற்று சுட்டதும் கொள்கைக்காக அல்ல. நாளை சுடப்போவதும் கொள்கைக்காக அல்ல. கொள்கை முழுவதும் கொடுத்தவனிடமே இருந்தது. அந்தக் கொள்கையின் பெயர் கொள்ளை.

உதவிக்கு வந்தவர்கள், உதவி பெற்றவர்கள் எல்லோருக்கும் கடைசியில் கிடைத்தது என்ன? சந்தா சாகிப் 1752இல் திருவரங்கத்தில் சரணடைந்தான். தஞ்சைத் தளபதி அவன் தலையை வெட்டினான். அவனுக்கு முடிசூட்டுவேன் என்ற பிரெஞ்சுக்காரரால் அந்த முடி இருந்த தலையைக் காப்பாற்ற முடியவில்லை. திருச்சியைத் தருகிறேன் என்று முகமது அலி சொன்னதை நம்பித்தான் மைசூர் நஞ்சராஜன் வந்தான். வெற்றி கிடைத்ததும் திருச்சி கிடைக்கவில்லை. சினந்த மைசூர்க்காரர் பிரெஞ்சுப் பக்கம் சாய்ந்தனர். போர் மேலும் நீண்டது. முகமது அலியின் எதிரியை வெட்டிக்கொடுத்த தஞ்சைக்கு என்ன பரிசு? 1773இல் அதே முகமது அலிக்காக அதே ஆங்கிலப் படை தஞ்சைக் கோட்டைக்குள் புகுந்து மன்னன் துளஜாவைப் பதவியிறக்கியது!

தோற்றவர் கதை இது. வென்றவன் கதை இதைவிடப் பரிதாபமானது. முகமது அலி வாலாஜா வென்றான். 1763இல் பாரிசு உடன்படிக்கையிலேயே அவன்தான் நவாப் என்று எழுதினார்கள். ஆரணிக்காரர்களுக்கு விளக்கமாகச் சொல்லத் தேவையில்லை. தறிக்காரன் வீட்டிலே முன்பணம் என்றால் என்னவென்று தெரியும். முதலாளி முன்பணம் கொடுக்கிறார். பாவும் அவருடையது, ஊடையும் அவருடையது, ஜரிகையும் அவருடையது. தறி மட்டும் நெசவாளியின் வீட்டில் நிற்கிறது. கடன் தீரும்வரை வேறொருவருக்கு நெய்ய முடியாது. கடனோ தீருவதே இல்லை. அந்தத் தறி யாருடைய தறி? வாலாஜாவின் ஆட்சி அத்தகைய தறி. அவனுக்காக நடத்திய போர்களின் செலவையெல்லாம் அவன் கணக்கிலேயே எழுதியது கம்பெனி. அந்தச் செலவைக் கட்டக் கடன் கொடுத்தவர்கள் யார்? கம்பெனியின் அலுவலர்களே! செலவு எழுதியவனும் அவன், வட்டிக்குக் கொடுத்தவனும் அவன்.

பால் பென்பீல்டு என்றொருவன். தஞ்சை வயலில் நின்ற பயிரின்மீதே தனக்குப் பாத்தியதை உண்டு என்று பத்திரம் நீட்டினான். தஞ்சையை 1776இல் மன்னனிடம் திருப்பிக் கொடுத்த ஆளுநர் பிகாட்டை, சென்னைக் கவுன்சிலில் இருந்த சொந்தக் கூட்டாளிகளே சிறைப்பிடித்தார்கள். காவலிலேயே அவர் 1777இல் மாண்டார். 1785இல் ஆர்க்காட்டு நவாபின் கடன் ஊழலைப் பற்றி எட்மண்டு பர்க் ஆங்கில நாடாளுமன்றத்திலே முழங்கினார். முழக்கம் அச்சேறிற்று; கடன் தள்ளுபடி ஆகவில்லை. 1792 உடன்படிக்கையால் பாளையக்காரரிடம் நவாபுக்குரிய கப்பத்தைத் தண்டும் உரிமை கம்பெனியின் கைக்குப் போயிற்று. அந்தக் கப்பத்தைக் கேட்டு வந்தவனோடு மோதித்தான் 1799இல் கயத்தாற்றில் கட்டபொம்மன் தூக்கில் தொங்கினான். 1801இல் கருநாடகம் முழுவதையும் கம்பெனி விழுங்கியது. வருவாயில் ஐந்தில் ஒரு பங்கும் நவாப் என்ற பட்டமும் மிச்சம். 1749இல் இரவல் வாங்கிய துப்பாக்கிக்கு, ஐம்பத்திரண்டு ஆண்டு வட்டி கட்டி, அசலுக்கு நாட்டையே கொடுத்தார்கள். கட்டபொம்மன் கழுத்தில் விழுந்த கயிற்றின் ஒரு புரி ஆரணி வயலில் திரிக்கப்பட்டது என்றால் மிகையா?

வெள்ளையன் போனான், முறை போகவில்லை. தேநீர்க் கடையில் கட்சி பிரித்தார்களே, அந்த ஏமனையே எடுத்துக்கொள்வோம். 2014 செப்டம்பரில் ஊதிப் படையினர் தலைநகர் சனாவைக் கைப்பற்றினர். 2015 மார்ச்சில் சவூதி அரேபியாவின் தலைமையில் விமானங்கள் குண்டுமாரி பொழிந்தன. ஊதிகளுக்கு ஈரான் ஆயுதம் கொடுத்தது. 2021 முடிவதற்குள் இந்தப் போரால் மாண்டோர் 3,77,000 என்று ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டம் மதிப்பிட்டது. அவர்களில் ஏறத்தாழ நூற்றுக்கு அறுபது பேர் குண்டுபட்டுச் சாகவில்லை. பசியாலும் நோயாலும் செத்தார்கள். கணக்கில் பெரும்பகுதி சிறு குழந்தைகள்.

ஷியாவுக்கும் சன்னிக்கும் ஆயிரம் ஆண்டுப் பகை ஐயா, அதுதான் காரணம் என்று படித்தவர்களே பேசுகிறார்கள். நல்ல காரணம்! 1962இல் இதே ஏமனில் உள்நாட்டுப் போர் நடந்தது. ஒரு பக்கம் குடியரசுக்காரர். மறு பக்கம் பதவி இழந்த இமாம். அந்த இமாம் ஷியாப் பிரிவின் ஒரு கிளையான ஜெய்தி மரபினர். ஊதிகளும் அதே ஜெய்தி மரபினர்தாம். 1962இல் அந்த ஜெய்தி இமாமுக்குப் பொன்னும் துப்பாக்கியும் கொடுத்தது யார்? சவூதி அரேபியா! குடியரசுக்காரருக்குத் துணையாகப் படை அனுப்பியவர் எகிப்தின் நாசர். நாசர் ஏகாதிபத்தியத்தை எதிர்த்த ஏறு; நம் இயக்க மேடைகளில் புகழப்பட்ட பெயர். அவரும் அங்கே பல்லாயிரம் வீரரை இறக்கினார். 1967இல் இசுரேலிடம் தோற்றபின், கார்ட்டூம் மாநாட்டில் நாசரும் சவூதி மன்னரும் கைகுலுக்கிக்கொண்டார்கள். ஏமன்காரர்கள் 1970வரை வெட்டிக்கொண்டிருந்தார்கள். அன்று ஜெய்திக்கு ஆதரவு, இன்று ஜெய்திக்கு எதிர்ப்பு. வேதம் மாறவில்லை, வேண்டியது மாறிற்று. 2023 மார்ச்சில் பீகிங்கில் சவூதியும் ஈரானும் கைகுலுக்கித் தூதரகம் திறக்க உடன்பட்டன. கைகுலுக்கும் படத்தைப் பார்த்தேன். செத்த குழந்தைகள் சார்பில் அதில் எவரும் நிற்கவில்லை.

இதுவரை தலையாட்டிக்கொண்டு வந்த தோழன், இனி நான் சொல்லப்போவதைக் கேட்டு முகம் சுளிக்கலாம். சுளித்தாலும் சொல்லவேண்டும். ஊரான் வீட்டுப் புண்ணைக் காட்டிவிட்டு நம் வீட்டுப் புண்ணை மூடிவைப்பது பகுத்தறிவாகாது.

1983 ஜூலையில் ஈழத்தமிழர் வேட்டையாடப்பட்டனர். அவர்களுக்காக இங்கே கண்ணீர் வடிக்காத வீடில்லை. அந்தக் கண்ணீர் உண்மையானது. ஆனால் அந்தக் கண்ணீருக்குப் பின்னால் வேறொரு கை வேலை செய்தது. தமிழ்நாட்டிலும் வட இந்தியாவிலும் முகாம்கள் அமைத்து, ஈழ இளைஞர்களுக்கு இந்திய அரசு ஆயுதப் பயிற்சி அளித்தது. ஒரு இயக்கத்துக்கா? பல இயக்கங்களுக்கு, தனித்தனியாக! ஒன்றுபட்டால் கட்டுக்கு அடங்காது அல்லவா? கொழும்பு அரசும் வாளா இருக்கவில்லை. இசுரேலிடமும் பாகிஸ்தானிடமும் கையேந்தியது. தமிழகத்துப் பெருங்கட்சிகளும் ஆளுக்கோர் இயக்கத்தைத் தத்தெடுத்தன. அன்று ஆளுக்கொரு நவாப். இன்று ஆளுக்கோர் இயக்கம்! 1986இல் விடுதலைப் புலிகள் டெலோ இயக்கத்தை அழித்தார்கள். ஒரே ஆசானிடம் துப்பாக்கி பழகிய தமிழன் தமிழனைச் சுட்டான்.

1987 ஜூலை 29இல் இந்திய–இலங்கை ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. கையெழுத்திட்டவர்கள் ராஜீவ் காந்தியும் ஜெயவர்த்தனாவும். யாருக்காக அந்த ஒப்பந்தமோ, அந்தத் தமிழரின் கையெழுத்து அதில் இல்லை. உடன் பரிமாறப்பட்ட கடிதங்களில் வேறு சில செய்திகள் இருந்தன. திருகோணமலைத் துறைமுகத்தை இந்தியாவுக்கு ஊறு விளைக்கும் வகையில் எந்த நாட்டின் படைத்தேவைக்கும் விடக்கூடாது. எண்ணெய்க் குதங்களைச் சீர்செய்யும் பணியில் இந்தியாவுக்குப் பங்கு. அயல்நாட்டு வானொலி நிலையங்கள் மறு ஆய்வு. ஆடு நனைகிறதென்று அழுத ஓநாயின் பட்டியல் அந்தக் கடிதங்களில் இருக்கிறது.

மூன்று மாதம் ஆகவில்லை. அமைதிப்படை என்ற பெயரில் போன படைக்கும், நேற்றுவரை பயிற்சி பெற்ற புலிகளுக்கும் போர் மூண்டது. யாழ்ப்பாண மருத்துவமனைக்குள் மருத்துவரும் தாதியரும் நோயாளிகளும் சுட்டுக் கொல்லப்பட்டனர். இந்திய வீரர் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். 1989இல் கூத்தின் உச்சம்! இந்தியப் படையை விரட்டுவதற்காக, சிங்களக் குடியரசுத் தலைவர் பிரேமதாசா புலிகளுக்கே ஆயுதம் கொடுத்தார். புலிகளைத் தடுப்பதற்காக, தமிழ் இளைஞர்களைக் கட்டாயமாகப் பிடித்துத் தமிழ்த் தேசிய இராணுவம் என்றொரு படைக்கு இந்தியா ஆயுதம் கொடுத்தது. சிங்கள அரசின் துப்பாக்கி ஒரு தமிழன் கையில். இந்திய அரசின் துப்பாக்கி இன்னொரு தமிழன் கையில்! 1990 மார்ச்சில் அமைதிப்படை கப்பலேறியது. கட்டாயப்படைப் பிள்ளைகளைக் காக்க எவருமில்லை. அவ்வாண்டு ஜூனில் கொழும்புக்கும் புலிகளுக்கும் போர் மறுபடி மூண்டது. 1991 மே 21இல் திருப்பெரும்புதூரில் ராஜீவ் காந்தியும் அருகில் நின்ற பலரும் குண்டுக்கு இரையாயினர். கொடுத்தவன் வீட்டு வாசலுக்கே கொடுமை திரும்பி வந்தது.

2009இல் என்ன கண்டோம்? இந்தியாவும் சீனாவும் பாகிஸ்தானும், ஒரே கொழும்பு அரசுக்கு ஒரே நேரத்தில் உதவின. சீனாவும் பாகிஸ்தானும் ஆயுதம் கொடுத்தன. இந்தியா ராடார் கொடுத்தது. இறுதிக்கட்டத்தில் 40,000 பொதுமக்கள் வரை மாண்டிருக்கக்கூடும் என்று 2011இல் ஐ.நா. வல்லுநர் குழு எழுதியது. 2017இல் அம்பாந்தோட்டைத் துறைமுகம் 99 ஆண்டுக் குத்தகைக்குச் சீன நிறுவனத்திடம் போயிற்று. வென்ற நவாபின் கதை மறுபடியும் நடந்தது.

அப்படியானால் ஒடுக்கப்பட்டவன் சாகட்டும் என்கிறாயா, கையைக் கட்டிக்கொண்டு நிற்கச் சொல்கிறாயா என்று கேட்பீர்கள். கேட்கவேண்டிய கேள்விதான். வெள்ளத்தில் போகிறவன் நீண்ட கயிற்றைப் பிடிக்கத்தான் செய்வான். கயிறு நீட்டியவன் யாரென்று அவன் ஆராய முடியாது. அவனை நான் குறைகூறவில்லை. ஆராயவேண்டியவர்கள் கரையில் நிற்கும் நாம். நாம் ஆராயாமல் கைதட்டுகிறோமே, அதைத்தான் குறைகூறுகிறேன்.

உதவுகிறேன் என்று எவன் வந்தாலும் மூன்று கேள்வி கேளுங்கள். முதலாவது கணக்கு: நீ கொடுப்பது என்ன, எடுக்கப்போவது என்ன, அதை ஊரறியச் சொல்வாயா? இரண்டாவது கையெழுத்து: உடன்படிக்கையில் பாதிக்கப்பட்ட மக்களின் கையெழுத்து இருக்குமா, உங்கள் இருவர் கையெழுத்து மட்டும்தானா? மூன்றாவது கதவு: துப்பாக்கி கொடுக்கிறாயே, அந்தத் துப்பாக்கிச் சண்டையில் வீடிழந்து ஓடிவருகிறவனுக்கு உன் வீட்டுக் கதவைத் திறப்பாயா? முதல் இரண்டுக்கும் மழுப்பலாம். மூன்றாவதற்கு மழுப்ப முடியாது. உண்மை நண்பனா, சண்டைத் தரகனா என்பதைக் கதவு காட்டிவிடும்.

நம் கதவு என்ன காட்டுகிறது? 1983 முதல் ஓடிவந்த ஈழத்தமிழர், தமிழ்நாட்டு முகாம்களில் மட்டும் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் வாழ்கிறார்கள். நாற்பதாண்டு கடந்துவிட்டது. அகதி முகாம் என்ற பெயரை 2021இல் மாநில அரசு மறுவாழ்வு முகாம் என்று மாற்றியது. வீடுகளும் கட்டித் தந்தது. வரவேற்கிறோம். ஆனால் இங்கே பிறந்து, இங்கே படித்து, நம் பிள்ளைகளோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து தேர்வெழுதிய பிள்ளையும் பெரும்பாலும் இந்தியக் குடிமகன் அல்லன், குடிமகள் அல்லள். 2019இல் குடியுரிமைச் சட்டத்தைத் திருத்தினார்கள். பாகிஸ்தான், வங்காளதேசம், ஆப்கானிஸ்தான் என்று மூன்று நாடுகளின் பெயரை எழுதினார்கள். இலங்கையின் பெயரை எழுத மை தீர்ந்துவிட்டதா?

அந்தப் பிள்ளையின் தந்தைக்குத் துப்பாக்கி கொடுக்க டில்லியிலே ஒரே ஆண்டில் வழி பிறந்தது. அந்தப் பிள்ளைக்குக் குடியுரிமைத் தாள் கொடுக்க நாற்பதாண்டில் வழி பிறக்கவில்லை! துப்பாக்கி கொடுத்தது அன்பினால் என்று இனியும் எவராவது சொன்னால், அந்தத் தாளைக் காட்டச் சொல்லுங்கள். அன்பு எதுவென்று அப்போது தெரிந்துவிடும்.

ஆகவே, தோழர்களே, கைதட்டுவதை நிறுத்துங்கள். ஏமனில் எவன் வென்றான், சூடானில் எவன் முன்னேறினான் என்று கட்சி கட்டாதீர்கள். எவனுக்கு எவன் ஆயுதம் விற்றான், என்ன வாங்கினான் என்று கேளுங்கள். வெறும் இரக்கத்தோடு நிற்காதீர்கள். வேலை நம் காலடியிலேயே இருக்கிறது. உங்கள் ஊருக்கு அருகிலுள்ள மறுவாழ்வு முகாம் எது என்று தெரிந்துகொள்ளுங்கள். அங்கே போய்ப் பேசுங்கள். படிப்பு முடித்தும் வேலை கிடைக்காமல் நிற்கும் பிள்ளையின் கதையைக் கேளுங்கள். குடியுரிமை கேட்டு ஒவ்வொரு படிப்பகமும் தீர்மானம் போடட்டும். வாக்குக் கேட்டு வருகிற ஒவ்வொரு வேட்பாளரிடமும் இந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள். மேடையில் ஈழம் என்று முழங்கிவிட்டு நாடாளுமன்றத்தில் வாய்மூடி இருப்பவரை, எந்தக் கட்சியாயினும், நம் கட்சியாயினும், விடாதீர்கள்.

நாளை வகுப்பில் ஆரணிப் போர் நடத்தப்போகிறேன். வென்றவர் யார் என்று கேட்கமாட்டேன். அந்த ஆண்டு அந்த வயலில் அறுவடை செய்தவர் யார் என்று கேட்பேன். விடை புத்தகத்தில் இல்லை. பிள்ளைகள் யோசிக்கட்டும். நீங்களும் யோசியுங்கள்.